பெரியம்மா நீட்டிய கால்

எங்கள் வீட்டில் யார் காலையும் யாரும் தாண்டக் கூடாது. தெரியாமல் தாண்டிவிட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும். இந்தச் சட்டத்துக்குக் காவல் பெரியம்மா. இதற்காக என் முதுகில் அவள் கை பதியாத வாரம் குறைவு.

பெரியப்பாவுக்கு அப்போது பார்க்கின்சன் நோய். கை நடுக்கம்கூடப் பரவாயில்லை. நடந்துகொண்டே இருப்பவர் வெறும் தரையில் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவார். அதுதான் பெரிய தொல்லை. கரும்புக் கொல்லையில் மட்டும், மேடு மேடாக இருக்கும் பார்களைத் தாண்டித் தாண்டிச் சரளமாகப் போவார்.

இதைக் கவனித்தவள் பெரியம்மாதான். கரும்புகளை வெட்டிவந்து கூடத்தில் குறுக்குக் குறுக்காகப் போட்டாள். பெரியப்பா ஒவ்வொன்றாகத் தாண்டி வாசல்வரை வந்துவிட்டார்.

பெரியம்மாவின் தம்பியான மாமாவுக்கு இதெல்லாம் வைத்தியமாகவே தெரியவில்லை. வெள்ளிமலையிலிருந்து பூனைக்காலி விதைப் பொடி வாங்கிவந்து, இனி மாத்திரையே வேண்டாம் என்று அடித்துச் சொன்னார். பெரியம்மா பொடியை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி டாக்டரிடமே போனாள். கரும்பு வைத்தியத்தை மெச்சிய டாக்டர், மாத்திரையில் இருக்கும் சரக்கு அந்த விதையிலும் உண்டு, ஆனால் எவ்வளவு என்று தெரியாமல் கொடுத்தால் ஆபத்து, மாத்திரையை நிறுத்தவே கூடாது என்றாராம். பொடி பரண் ஏறியது. ஆசையாக வாங்கிவந்த மாமாவிடம் அதைச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

அக்காவின் கல்யாணம் வந்தது. பெற்ற மகளைத் தாரை வார்க்க வேண்டிய பெரியப்பா, ஊர் முன்னால் நின்றுபோனால் மானம் போய்விடும், வரவே மாட்டேன் என்றார். மண்டபத்திலும் கரும்பு போட்டு வைக்கிறேன் என்று பெரியம்மா தேற்றி அழைத்துவந்தாள். போட்டும் வைத்தாள். மாமாவோ, பொடிதான் வேலை செய்கிறதே, எவனாவது தடுக்கி விழப்போகிறான் என்று அத்தனையையும் பொறுக்கிக்கொண்டுபோய் வாசல் பந்தலில் அழகாகக் கட்டிவிட்டார்.

மணமேடைக்குப் போகும் பாதி வழியில் பெரியப்பா நின்றுவிட்டார். முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. மாமா கையைப் பிடித்து இழுக்க, அவர் விழப்பார்த்தார். பெரியம்மா மாமாவை விலக்கிவிட்டு, பட்டுப்புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு, அவருக்கு முன்னால் தன் காலைக் குறுக்கே நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒருவரையொருவர் தடுக்கி விழவைப்பது அப்படித்தான். எனக்குத் திக்கென்றது.

“இன்னா இது, உன் காலைப் போயி. எல்லாரும் பாக்கறாங்க” என்றார் பெரியப்பா.

“பாத்துட்டுப் போறாங்க. கரும்புன்னு நெனச்சிக்கினு தாண்டுங்க.”

தாண்டினார். பெரியம்மா ஓரடி நகர்ந்து மறுபடி நீட்டினாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. இப்படியே மணமேடைவரை அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். நடுங்கும் கையால் அவர் வார்த்த நீர் மாப்பிள்ளையின் மடியையும் நனைத்தது. அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். பந்தியில் மாமா பொடியின் மகிமையைச் சொல்லி ஓயவில்லை. அந்தப் பெரியம்மா கையால் அடி வாங்கியதே இன்றைக்கு எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மறுநாள் காலை வீட்டு வாசற்படியில் பெரியப்பா நின்றுவிட்டார். பெரியம்மா வந்து காலை நீட்டினாள். கல்யாணம்தான் முடிந்துவிட்டதே, கூடத்தில் கரும்பும் கிடக்கிறதே, இன்னும் காலை எதற்கு நீட்டுகிறாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.