பட்டணத்து வேலையை விட்டு வந்தவள்

பாளையங்கோட்டையில் பெண்களுக்கென்று இருந்த சிறிய ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுப்பவள் நான். அங்கே பிரசவம் பார்த்த நர்சுக்கு என் வயதுதான். சிறு வயதில் கணவனை இழந்து, மிஷன் பள்ளியில் படித்து இந்தத் தொழிலுக்கு வந்தவள். வலியில் கத்துகிற பெண்ணை அதட்டாமலே வழிக்குக் கொண்டுவந்துவிடுவாள். எங்களில் வேறு யாருக்கும் அது கைவரவில்லை.

அவளுடைய கெட்டிக்காரத்தனம் சென்னைவரை எட்டி, பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் வெள்ளைக்கார டாக்டரம்மாவே சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்துப் போகச் சொன்னார். நானும்தான் சொன்னேன். அவளை ரயிலேற்றிவிட்டு வந்த பிறகு, பிரசவ அறைப் பக்கம் போகவே எனக்கு மனம் வரவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, தகரப்பெட்டியோடு நனைந்துகொண்டு வந்து நின்றாள்.

"என்னட்டி, அங்கன யாரும் ஏதும் சொன்னாங்களா?" என்று பதறினேன்.

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. நல்லாத்தான் வச்சிருந்தாங்க. ஆனா, பிள்ளையக் கையில குடுத்து அனுப்பினா அதோட சரி. அவ எந்தத் தெரு, பிள்ளை பால் குடிக்கான்னுகூடத் தெரியாது. இங்கன கடைத்தெருவுக்குப் போனா, 'நீங்க எடுத்த பிள்ளை'ன்னு தூக்கிக் காட்டுதாளுவ. அது இல்லாம எனக்கு முடியல, பாத்துக்கோ."

டாக்டரம்மாவுக்குக் கோபம். சிபாரிசு செய்தவர் அவர்தானே. "நான் அவர்களுக்கு என்ன பதில் சொல்வேன்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஏரலிலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. உள்ளே முதல் பிரசவத்துக்காரி, பாதி மயக்கத்தில். இவள் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு ஓடினாள். டாக்டரம்மாவும் பின்னாலேயே போனார். மதியம் சாய்ந்த பிறகுதான் குழந்தையின் அழுகை கேட்டது.

வெளியே வந்த டாக்டரம்மா, "இனி உன்னை எங்கேயும் போகச் சொல்ல மாட்டேன்" என்றார்.

அவளோ அந்தச் சாக்கில் ஒன்று கேட்டாள்: பிரசவமாகிப் போன பெண்களை வாரம் ஒருநாள் வீட்டுக்கே போய்ப் பார்த்து வர அனுமதி வேண்டும். கிடைத்தது.

அப்படி வீடுவீடாகப் போகும் வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டாள். அதுவரை மருந்து கொடுக்கும் ஜன்னலில் நான் பார்த்ததெல்லாம் நீளும் கைகளைத்தான். தச்சநல்லூரில் ஒரு வீட்டில், என் மருந்தைக் குடித்துக் காய்ச்சல் விட்ட தாய், எழுந்து வந்து என் கன்னத்தைத் தொட்டாள். அடுத்த வாரம் அவள் கூப்பிடும் முன்னே போய் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தேன்.