சந்தனத் தலையில் ஒரு குட்டு

அரைத்த சந்தனத்தின் வாசனை எங்கே வந்தாலும் என் வலது கை விரல்முட்டிகள் விழித்துக்கொள்ளும். பேருந்தில் மொட்டைத் தலையோடு யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும். நாற்பதுகளின் திருத்தணி, மூன்றாம் பாரம் என்ற எட்டாம் வகுப்பு, கடைசி பெஞ்சு, அதில் என் அக்கா புருஷன்.

ஆமாம், அக்கா புருஷன்தான். எனக்கு பாவா. கனகம்மாசத்திரத்துப் பக்கம் பயிர் வைக்கிற குடும்பம். பதினெட்டு வயது, அரும்பிய மீசை, அதே பாரத்தில் இரண்டு முறை தோல்வி. தேறினால் ரயிலில் வேலை என்று பேச்சு இருந்தது. தேறாவிட்டால் ஊரில் ஏர் காத்திருந்தது. அதனால் கல்யாணமான கையோடு எங்கள் வீட்டில் தங்கி, பன்னிரண்டு வயதுக்காரனான என்னோடு ஒரே வகுப்பில் படித்தார். மற்ற பாடமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷில் மட்டும், எழுவாய்க்கு ஏற்ற வினை எதுவென்று கேட்டால் அந்தப் பெரிய உடம்பு தடுமாறும்.

எங்கள் வாத்தியார் பிரம்பு வைத்துக்கொள்வதில்லை. தப்பாகச் சொன்னவன் தலையில் சரியாகச் சொன்னவன் குட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள். மலையில் முடி இறக்கி, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு பாவா வந்திருந்தார். வாத்தியார் அவரை எழுப்பி, பையன்கள் ஓடுகிறார்கள் என்பதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னார்.

"பாய்ஸ் ரன்ஸ், சார்."

"அடுத்தவன்?"

அவருக்கு முன் பெஞ்சில் இருந்த நான்தான் அடுத்தவன். "பாய்ஸ் ரன், சார்."

"ஆங். குட்டு."

வீட்டில் அவருக்கு இலை போட்ட பிறகுதான் என்னைப் பெற்ற நைனாவே சாப்பிட உட்காருவார். அந்தத் தலையை எப்படித் தொடுவது? எனக்கு எட்டவும் இல்லை. பாவாவே குனிந்தார். பட்டும் படாமல் முட்டியை வைத்து எடுத்தேன்.

"டேய், மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசுறான்டா!" என்று எவனோ கத்த, வகுப்பே சிரித்தது.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது பாவா சொன்னார்: "நாளையிலேருந்து நான் வரல. நீயே போ."

ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். "இனிமே உங்களுக்கு அப்புறம் என்னை எழுப்பினா நானும் தப்பாவே சொல்றேன் பாவா. சத்தியமா."

"சொல்லித்தான் பாரேன். உங்க அக்கா கையால சோறு கெடைக்காம பண்றேன்." கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு, யாரையோ கேட்பதுபோல, "அந்த எஸ்ஸு எங்கடா போச்சு? நெறைய பேரு ஓடினா ஓட்டத்துக்கும் எஸ்ஸு வேணாமா?" என்றார்.

பாடத்தில் என்னிடம் அவர் சந்தேகம் கேட்டது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போகவில்லை, மலைப்படியில் போய் உட்கார்ந்தோம்.

"ஒரே எஸ்ஸுதான் பாவா இருக்குது. நெறைய பேரு வந்தா அவங்க எடுத்துக்கினு போயிடுவாங்க, வேலைக்குக் கெடையாது. ஒத்த ஆளுன்னா அவனுக்கு இல்ல, அவன் வேலைக்கு உண்டு."

யோசித்தார். சட்டென்று சிரித்தார். "எங்க வூட்ல நல்ல மேல்துண்டு ஒண்ணே ஒண்ணு. அப்பா போட்டுக்கினு சந்தைக்குப் போனா நான் வெத்து ஒடம்பு. அதானே?"

"அதேதான் பாவா!"

இலக்கணப் புத்தகம் இதை ஒப்புக்கொள்ளாது. அந்தத் துண்டில் ஓட்டைகள் உண்டு. ஒவ்வொன்றாகப் பிறகு தைத்துக்கொண்டோம். அன்று எங்கள் இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது. மறுநாளும் அவர் பள்ளிக்கு வந்தார். படியேறி வரும் கூட்டமே எங்களுக்குப் பாடம். ஒருவன் வந்தால் 'கம்ஸ்', பலர் வந்தால் 'கம்'. காவடி ஆடியது, மழை பெய்தது, குரங்குகள் தேங்காயைப் பிடுங்கின, எல்லாவற்றுக்கும் வினை வைத்தோம். அவர் தலையில் முடி வளர்ந்து, வகிடு எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

ஒருநாள் ஜன்னல் வழியே மேகம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடு தின்கிறது என்பதைச் சொல்லச் சொல்லி வாத்தியார் என்னை எழுப்பினார்.

"தி கவ் ஈட், சார்."

கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. "தி கவ் ஈட்ஸ், சார்."

"குட்டு."

பாவா நிதானமாக நடந்து வந்தார். அக்கா முகத்துக்காகவாவது தொட்டுவிட்டுப் போவார் என்று நம்பித் தலையைக் குனிந்தேன். ணங்! கண்ணில் நீர் முட்டியது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பாவா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினார்.

அந்த வருஷம் தேறினார். வேலையும் கிடைத்தது. வழியனுப்ப ரயிலடிக்குப் போனபோது, வண்டி ஊதிய பிறகுதான் எனக்குக் கேட்கத் தைரியம் வந்தது.

"பாவா, அன்னிக்கு ஏன் அவ்ளோ பலமா குட்டுனீங்க?"

ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் உச்சந்தலையைத் தடவினார்.

"நீ மெதுவா குட்டுனியே, அதுக்குத்தான்டா."