வழி கேட்ட குரல்

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, திருவொற்றியூரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். நீலகிரிப் பக்கம் மலைச் சைக்கிள் பந்தயம் நடந்தால் வண்டிகளைச் சரிசெய்ய அவரைக் கூப்பிடுவார்கள். அங்கே பார்த்ததை எண்ணூரில் எங்களுக்கு நடத்திக் காட்டினார். மலைக்கு நாங்கள் எங்கே போவது? ஆற்றோரமாகச் சீமைக்கருவேலம் புதருக்குள் வளைந்து போன ஒற்றையடிப் பாதைதான் எங்கள் மலை. மேடு என்று சொல்லிக்கொள்ள இரண்டு மண் குவியல்கள் இருந்தன.

ஞாயிறுதோறும் பந்தயம். ஜெயித்தவர் கடையிலிருக்கும் கியர் சைக்கிளை ஒரு வாரம் ஓட்டலாம். ஆனால் யார் ஜெயிக்கிறார்கள் என்பதில் மாமாவுக்கு அவ்வளவு அக்கறை இல்லை. யார் யாரை எப்படி முந்துகிறார்கள் என்பதைத்தான் புதருக்குப் பின்னால் நின்று கவனிப்பார்.

"பின்னாடி வர்றவன் எந்தப் பக்கம் வர்றேன்னு கொரல் குடுக்கணும். லெப்ட்டுன்னா லெப்ட்டு, ரைட்டுன்னா ரைட்டு. முன்னாடி போறவன் திரும்பிப் பாக்கக் கூடாது, வண்டிய ஆட்டக் கூடாது. கொஞ்சம் அகலமான எடம் வந்தா ஒதுங்கி வுட்டுடணும். கேட்டும் வுடலன்னா அவன் ஜெயிச்சாலும் தோத்த மாரிதான்."

வெறும் பேச்சில்லை அது. ஒருமுறை கடைசிவரை வழிமறித்துக்கொண்டே வந்து முதலாவதாக நின்ற என் அண்ணனை அன்றைய பந்தயத்தை விட்டே விலக்கினார். அண்ணன் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தான். "பசங்க வெளையாட்டுக்கு இன்னாத்துக்குடா இவ்ளோ கோவம்?" என்று அம்மா கேட்டாள். மாமா அன்று சாப்பிடாமலேயே போய்விட்டார்.

அவர் போட்ட இன்னொரு கட்டளை, சாம்பல் குட்டைக் கரைக்கு யாரும் சைக்கிளில் போகக் கூடாது என்பது. அனல் மின் நிலையத்திலிருந்து குழாய் வழியாக வரும் சாம்பல் சேறு அங்கேதான் தேங்கும். மேற்பரப்பு காய்ந்து, பூசி முடித்த சிமெண்டுத் தரை போலத் தெரியும். அடியில் எவ்வளவு ஆழம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

எனக்குப் பதினோரு வயது. மார்கழி மாதம். முதல் நாள் இரவெல்லாம் அடித்த மழையில் ஆற்றோரப் பாதை தண்ணீருக்குள் போய்விட்டது. மறுநாள் பந்தயம். பழகிப் பார்க்க வேறு இடமில்லை. "கரைக்குப் போலாம் வா. மாமா இந்நேரம் கடைலதான் இருப்பாரு" என்றான் அண்ணன்.

காலை ஏழு மணி இருக்கும். பனியும் புகையும் கலந்து என் முன் சக்கரத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. இரண்டு சைக்கிள்கள் சேர்ந்து போக முடியாத கரை. இடது பக்கம் குட்டை, வலது பக்கம் முள் சரிவு. ஒரு காக்கை கூடக் கத்தவில்லை. தூரத்து மின் நிலையத்தின் ரீங்காரம் மட்டும் காலுக்கடியில் கேட்டுக்கொண்டிருந்தது. நான் முன்னால் போனேன். அண்ணன் பின்னால்.

கொஞ்ச தூரம் போனதும் எனக்குப் பின்னால் மிதிக்காமல் விட்ட சக்கரம் 'கிர்ர்' என்று ஓடும் சத்தம் நெருங்கி வந்தது. பிறகு குரல்.

"எடம் வுடுறா தோஸ்து."

அண்ணன்தான் கேலி செய்கிறான் என்று நினைத்தேன். மாமா சொல்லிக்கொடுத்தபடி நான் திரும்பவில்லை. ஒதுங்க அகலமான இடமும் வரவில்லை. குரல் மறுபடி கேட்டது. இந்த முறை என் இடது தோளுக்குப் பக்கத்தில். மூச்சு வாங்கியது.

"வுடுறா…"

இடித்துத் தள்ளிவிடுவானோ என்ற பயத்தில் வண்டியை வலது பக்கம் ஒடித்து, முள்ளுக்குள் காலை ஊன்றி நின்றேன். 'கிர்ர்' சத்தம் என் இடது காதை உரசிக்கொண்டு போனது. காது சில்லிட்டது. ஈரச் சாம்பலின் வாடை அடித்தது. ஆனால் என்னைத் தாண்டி யாரும் போகவில்லை. எனக்கு இடது பக்கம் ஒரு சாண் மண்தான் இருந்தது. அந்தச் சத்தம் குட்டையின் மேலேயே போயிருந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது. பனிக்குள்ளிருந்து அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"செயினு கயண்டுச்சி. அவ்ளோ தூரத்துலேர்ந்து கத்தினுகீறேன், நிக்காம போற?"

அவன் என்னைத் தாண்டிப் பத்து அடி நடந்து, சட்டென்று நின்றான். அங்கே கரையே இல்லை. இரவு மழை அறுத்துக்கொண்டு போயிருந்தது. அண்ணன் ஒரு கல்லை எடுத்துக் கீழே போட்டான். விழுந்த சத்தமே கேட்கவில்லை. சாம்பல் அதை வாங்கிக்கொண்டு மெதுவாக மூடிக்கொண்டது. திரும்பும்போது ஈர மண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் சக்கரத் தடமும் அண்ணனின் தடமும்தான் இருந்தன.

வீட்டில் சொல்லக் கூடாது என்று அண்ணன் சத்தியம் வாங்கினான். சாயங்காலம் மாமா வந்தபோது என் காது இன்னும் சில்லென்றுதான் இருந்தது. சொல்லிவிட்டேன். அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

விழவில்லை.

"இன்னா சொல்லிக் கூப்ட்டான்?" என்றார் மாமா. யார் என்று அவர் கேட்கவில்லை.

"எடம் வுடுறா தோஸ்துன்னு."

மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. மாமா டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"நீ வுட்டியா?"

"வுட்டேன் மாமா."

மாமா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார். அப்புறம் மிகவும் தணிந்த குரலில், "கோவமா கேட்டானா பாப்பா?" என்றார்.

எந்தப் பதிலைச் சொன்னால் அடி விழாது என்று மட்டும்தான் யோசித்தேன்.

"இல்ல மாமா. சிரிச்சிகினேதான் கேட்டாரு."

மாமா தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதார். அம்மா எங்களை வெளியே போகச் சொன்னாள். அடியிலிருந்து தப்பித்த சந்தோஷத்தில் நான் தெருவில் விளையாடப் போய்விட்டேன். மறுநாள் பந்தயம் நடக்கவில்லை. அதற்குப் பிறகும் நடக்கவில்லை.

கல்லூரியில் படிக்கும்போதுதான் அம்மா சொன்னாள். நான் பிறப்பதற்கு முன், மாமாவும் அவருடைய உயிர்த் தோழரும் அந்தக் கரையில் பந்தயம் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மாமா முன்னால், தோழர் பின்னால். அவர் வழி கேட்டுக்கொண்டே வர, மாமா விளையாட்டாக மறித்துக்கொண்டே போயிருக்கிறார். பொறுக்க முடியாமல் அவர் இடது பக்கமாக ஏறி முந்தப் பார்த்தபோது கரை சரிந்துவிட்டது. சைக்கிள் அன்றே கிடைத்தது. அவர் கிடைக்க இரண்டு நாள் ஆனது. வழுக்கி விழுந்துவிட்டார் என்றுதான் மாமா ஊருக்குச் சொன்னார். நடந்ததை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

மாமாவுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. எப்போதாவது நான் கடைக்குப் போனால், பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, கையில் பிடித்திருக்கும் சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்பார்.

"சிரிச்சிகினுதான கேட்டான் பாப்பா?"

"ஆமா மாமா. சிரிச்சாரு."

ஓர் அறைக்குப் பயந்து சொன்ன பொய். அதை அவர் இருக்கும்வரை நான் காப்பாற்ற வேண்டியிருக்கும் என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது. அந்தக் குரலில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அது பயந்துபோயிருந்தது. அதை மட்டும் நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.