கொடுமுடிக்கு நான் கொண்டுபோன பலகைகள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை கொடுமுடி போனேன். கோயிலுக்கு இல்லை. நானே கொண்டுபோய்க் கொடுத்த பலகைகளை எரிக்க.

கோவை பீளமேட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு மூன்று மாதம் முன்பு வெளிநாட்டிலிருந்து ஒரு மெஷின் வந்தது. அது வந்த மரப்பெட்டியைப் பிரித்ததில் பன்னிரண்டு நல்ல பலகைகள். வீணாகிறதே என்று டெம்போவில் ஏற்றி, கொடுமுடிப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் அக்காவுக்குக் கொடுத்தேன். ஆட்டுப்பட்டிக்குத் தடுப்பாயிற்று. போன வாரம் அக்கா போனில் படம் அனுப்பினார். பலகை முழுக்கத் தீக்குச்சி நுழைகிற அளவில் துளைகள், கீழே மாவு மாதிரி மரத்தூள். பூச்சியியல் படித்த நண்பரிடம் காட்டினேன்.

"படத்தை வெச்சு என்ன வண்டுன்னு சொல்ல முடியாதுங்க. ஆனா வெளிநாட்டுப் பொட்டின்னா சும்மா விடாதீங்க. சில வண்டு பச்சை மரத்துலயும் ஏறும். வேற எங்கயும் கொண்டுபோகாம அங்கயே எரிச்சுப்போடுங்க" என்றார்.

அக்கா தோட்டத்தைச் சுற்றி எல்லாமே மாந்தோப்பு. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன்கூடத் தன் வேட்டியில்தான் விட்டுக்கொண்டான். நான் அடுத்தவர் வேட்டியில் விட்டிருக்கிறேன்!

சிங்காநல்லூரில் காலை 5.50க்குக் கரூர் பஸ். காங்கேயம் வரை சுமார் 65 கி.மீ., டிக்கெட் 60 ரூபாய். 7.40க்கு இறங்கி டீ மட்டும் குடித்தேன், இட்லி இறங்கவில்லை. 8 மணிக்கு முத்தூர் வழியாகக் கொடுமுடி பஸ், இன்னொரு 45 கி.மீ., 40 ரூபாய். ஜன்னலோரம் உட்கார்ந்து தென்னந்தோப்பு பாருங்கள் என்று எழுதத்தான் ஆசை. நான் பார்த்ததெல்லாம் விறகு லாரிகளைத்தான். ஒவ்வொன்றிலும் என்ன ஏறி எந்த ஊருக்குப் போகிறதோ என்று யோசித்துக்கொண்டே போனேன்.

கொடுமுடியில் இறங்கும்போது 9.20. தோட்டத்துக்கு நான்கு கி.மீ., ஆட்டோவுக்கு 120 ரூபாய். வண்டு பிடித்துப் போட ஸ்பிரிட் ஊற்றிய பாட்டில் கையில் இருந்தது. ஆட்டோக்காரர் அதைப் பார்த்து, "ஏனுங்க, காலங்காத்தாலயேங்களா?" என்றார்.

"வண்டு புடிக்கறதுக்குங்க" என்றேன். அவர் பாட்டிலை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பட்டியில் எண்ணினால் ஏழு பலகைதான் இருந்தது.

"நல்ல பலகைன்னு பக்கத்துத் தோட்டத்துக் குழந்தைவேலண்ணனுக்கு அஞ்சு குடுத்துப்போட்டேன்" என்றார் அக்கா. திருப்பி வாங்க வேண்டும் என்றதும் முகம் மாறிவிட்டது. "ஏங்கண்ணு, குடுத்ததைப் போயித் திருப்பிக் கேக்கறதா? அவிய என்ன நெனப்பாங்க?"

அக்கா வரவில்லை. தனியாகத்தான் போனேன். குழந்தைவேலண்ணன் பலகைகளைக் கோழிக்கூண்டுக்கு அடித்திருந்தார். டீ கொடுத்தார். நான் மென்று முழுங்கி விஷயத்துக்கு வந்தேன்.

"தாராளமா எடுத்துக்கங்க தம்பி. நானொண்ணும் கேட்டு வாங்குலீங்களே" என்றார்.

கூசிப்போனேன். "எனக்கு வேணும்னு இல்லீங்கண்ணா, அதுல வண்டு இருக்குதுங்க. நான்தான் கொண்டாந்து உட்டுட்டேன்."

அவர் உடனே சுத்தியலை எடுத்துவந்தார். தானே ஆணியைப் பிடுங்கினார். ஒரு மணிக்குள் பன்னிரண்டையும் பயிரில்லாத வெறும் காட்டில் போட்டு எரித்தோம். நான்கு வண்டுகளைப் பிடித்துப் பாட்டிலில் போட்டேன். நண்பரிடம் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

கோவையிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம். 4.10 பஸ்ஸைப் பிடித்தால் எட்டரைக்குள் வீடு. ஆனால் பெட்டிப் பலகை, விறகு எதையும் ஊர்விட்டு ஊர் கொண்டுபோகாதீர்கள். வெளிநாட்டுப் பெட்டியில் சூடேற்றிப் பதப்படுத்திய முத்திரை இருக்க வேண்டுமாம்; நான் தேடிக்கூடப் பார்க்கவில்லை. தூள் கொட்டினால் வெட்கப்படாமல் பக்கத்து வேளாண்மை அலுவலகத்தில் சொல்லுங்கள். அன்று ஞாயிறு என்பதால் நான் மறுநாள் போனில் சொன்னேன்.

இதை எழுதாமல் விடத்தான் பார்த்தேன். நெருப்பு அடங்கும் நேரத்தில் குழந்தைவேலண்ணன் கோழிக்கூண்டுப் பக்கத்து மாமரத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். இடுப்பு உயரத்தில் இரண்டு துளைகள். அடியில் புதுத்தூள். அதை விரலால் தொட்டு எனக்குக் காட்டினார்.

"பலகைய எடுத்துக்கிட்டீங்க, சரிங்க தம்பி. மரத்துக்குள்ள போனதை எப்படீங்க எடுப்பீங்க?"