மல்லாந்து படுக்கப் பழகிய உண்ணாமலை

உண்ணாமலையின் மெத்தையில் கிழிந்த மூலையைத் தைத்துக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. அவளிடம் மல்யுத்தம் பழகும் ரேவதி கடை வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி, இறங்காமலே நின்றாள். "பாய், அக்கா போயிட்டாங்க. அந்த மெத்தைய குடுங்க. அக்காவ அதுலதான் கெடத்தணும்னு அவங்க அம்மா சொல்றாங்க" என்றாள். காய்ச்சலென்று ஆஸ்பத்திரியில் சேர்த்தது தெரியும். திரும்பி வந்து எடுத்துக்கொள்வாள் என்று நிதானமாகத் தைத்துக்கொண்டிருந்தேன். பாதித் தையலோடு கொடுத்தனுப்பினேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவளிடம் பழகிய பெண்கள் எழுதுகிறார்கள். அவளைத் தெரிந்த உங்களுக்குப் பெரிதாக எதுவும் சொல்லிவிடப் போவதில்லை. மெத்தைக் கடைக்காரன் கண்ணில் பட்டது இவ்வளவுதான்.

முதலில் வந்தபோது பள்ளிக்கூடப் பெண். அடி அண்ணாமலையிலிருந்து கிரிவலப் பாதையிலேயே ஓடி வந்திருந்தாள். இலவம்பஞ்சு மெத்தையைக் காட்டினேன். அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது தூங்கறதுக்கு பாய். எனக்கு விழறதுக்கு வேணும்" என்றாள். தேங்காய் நாரை இறுக்கி அடைத்து, மேலே லாரித் தார்ப்பாய் போட்டுத் தைத்துக் கொடுத்தேன். அதில் விழுந்து எழுந்துதான் மாநிலப் போட்டி வரை போனாள். பதக்கம் வாங்கினால் முதலில் கடைக்குக் கொண்டுவந்து என் தராசில் வைப்பாள். "பஞ்சைவிட ஜாஸ்திதான்" என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

மல்யுத்தத்தில் இரண்டு தோளும் தரையில் பட்டால் தோல்வி. அதனால் அவள் மல்லாந்து படுக்கவே மாட்டாள். தூக்கத்திலும் ஒருக்களித்துத்தான். அவள் அம்மா பௌர்ணமிதோறும் பாதையோரம் சுக்குக் காபி விற்பவர். "தூங்கும்போது நேரா திருப்பினா கண்ண தொறக்காமலே திரும்பிக்குவா பாய்" என்று சொல்லிச் சிரிப்பார்.

வயது ஏறியது. அவள் எடைப்பிரிவில் சின்னப் பெண்கள் வந்தார்கள். தேர்வுகளில் அவள் பெயர் வருவது நின்றது. முப்பதை நெருங்கும்போது, கம்பிக் கூண்டுக்குள் குத்தும் உதையும் பிடியும் கலந்து போடுகிறார்களே, அந்தச் சண்டைக்குப் போகிறேன் என்றாள். அம்மா அவளை இழுத்துக்கொண்டு என் கடைக்கே வந்துவிட்டார்.

"நீங்களாவது சொல்லுங்க பாய். மூஞ்சில குத்து வாங்கறதுக்கா இவள பெத்தேன்?"

"மல்யுத்தத்துல எனக்கு எடம் இல்லம்மா. வீட்டுல உக்காந்து சுக்கு இடிக்கச் சொல்றியா?"

"இடிச்சா இன்னா? கை தேஞ்சிடுமா?"

"கை தேயாது. நான் தேஞ்சிடுவேன்."

அம்மா அவள் கையை விட்டுவிட்டுப் படியிறங்கினார்.

முதல் சண்டை பெங்களூரில். கடையிலிருந்தபடியே போனில் பார்த்தோம். எதிராளியை அலேக்காகத் தூக்கிப் போட்டு, இரண்டு தோளையும் தரையோடு அழுத்தினாள். அழுத்தியவள், ஆட்டம் முடிந்ததென்று பிடியை விட்டுவிட்டு நடுவரைப் பார்த்தாள். மல்யுத்தக்காரியின் உடம்பு அப்படித்தான் செய்யும். அந்தச் சண்டையில் தோள் பட்டதற்குக் கணக்கே கிடையாது. கீழே கிடந்தவள் எழுந்து இவள் கழுத்தை வளைத்துப் பிடித்துத் தோற்கடித்துவிட்டாள்.

டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "இன்னா உண்ணா, நீ ஜெயிச்சிட்டியாமே, அவங்களுக்குத்தான் தெரியலியாமே?"

"ஆமாண்ணா, சொல்லி அனுப்பியிருக்கேன்" என்று அவளும் சிரித்தாள்.

என் கடையில் உட்கார்ந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. "அங்க முதுகு பட்டா முடிஞ்சிது பாய். இங்க பட்ட அப்புறம்தான் ஆரம்பம். கீழ கெடந்தும் சண்ட போடணும். எனக்குக் கீழ கெடக்கத் தெரியல" என்றாள். யாராவது தள்ளினால் உடம்பு தானாகக் குப்புறப் புரள்கிறதாம். புரண்டால் முதுகில் ஏறிக் கழுத்தைப் பிடித்துவிடுவார்களாம். இன்னொரு முறை இப்படித் தோற்றால் அப்புறம் கூப்பிட மாட்டார்கள், அதோடு சுக்குதான் என்றாள்.

மறுநாள் பகலில் வந்தாள். யாருடைய கல்யாணத்துக்கோ தைத்து வைத்திருந்த மெத்தைமேல் மல்லாந்து படுத்தாள். "கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன் பாய். உடம்பு கூசுது." விரல்கள் மெத்தையைக் கவ்விக்கொண்டிருந்தன. கடைக்கு வருகிறவர்கள் என்னவென்று கேட்டால், "மெத்த எப்படி இருக்குதுன்னு பாக்குது" என்பேன். தினமும் வந்தாள். ஆட்களை அடித்துச் சாய்த்த பெண், சும்மா படுத்திருப்பதற்கு அத்தனை பாடுபட்டாள். ஒரு நாள் மேலே பார்த்தபடி, "பாய், உங்க கூரையில ஒரு ஓட்ட இருக்குது. மல்லாந்து படுத்தாத்தான் தெரியுது" என்றாள். ஆயுசெல்லாம் குனிந்து தைத்த நான் அதைப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு விரல்கள் தளர்ந்திருந்ததைக் கவனித்தேன்.

அடுத்த சண்டையில் அவளை மல்லாக்கத் தள்ளினார்கள். அவள் புரளவில்லை. கிடந்தபடியே எதிராளியின் கையைத் தன் கால்களுக்கிடையில் வாங்கி நீட்டிப் பின்பக்கமாக வளைத்தாள். அந்தப் பெண் வலி தாங்காமல் இவள் உடம்பில் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டாள். ஜெயித்தவள் கையை நடுவர் உயர்த்துவதற்கு முன் உண்ணாமலை அந்தப் பெண்ணருகே உட்கார்ந்து முழங்கையை நீவிவிட்டாள். அப்புறம் அவள் ஆடிய சண்டைகளும், ஊரில் பெண்களுக்குப் பயிற்சிக் கூடம் வைத்ததும் நீங்கள் அறிந்தவை.

ரேவதி வந்து சொன்ன அன்றைக்கு, வீட்டில் அவளை என் மெத்தையில் நேராகக் கிடத்தியிருந்தார்கள். தூக்கும்போது அம்மா எழுந்து, "குழியிலயாவது அவள ஒருக்களிச்சு வெய்யுங்க. நேரா தூங்க மாட்டா" என்றார். அவள் பெரியப்பா தயங்கினார். "நம்ம வழக்கம்னு ஒண்ணு இருக்குதே" என்றார். நான் சொன்னேன்: "எங்கள்ல ஒருக்களிச்சுத்தான் வெக்கிறோம். அதனால ஒண்ணும் கொறஞ்சிடல."

பெரியப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு குழிக்குள் அவரே இறங்கி, அவளைத் திருப்பி வைத்து, முதுகுக்கு மண் அணைத்துவிட்டு ஏறி வந்தார். சண்டைக்காக மல்லாந்து படுக்கப் பழகினவள் அவள். இது சண்டை இல்லை, தூக்கம். அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது.

மெத்தை மறுபடி கடைக்கு வந்தது. மீதித் தையலைப் போட்டு, பெண்களிடம் கொடுத்துவிட்டேன். அது அவர்கள் விழுவதற்கு. என்னிடம் இருப்பது கூரை ஓட்டை. இந்த மழைக்கு முன்னாவது அடைத்துவிடலாம் என்கிறான் மகன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மல்லாந்து படுத்து அதைப் பார்க்கிறேன். எனக்கும் முதலில் கூசத்தான் செய்தது.