ஈசான மூலையில் உறையாத தண்ணீர்

ஒக்லாந்தின் ஹென்டர்சனில் இருக்கும் என் வீட்டுக் கராஜ் சுவரில், ஏணிக்கு மேலே, ஓர் ஆணியில் பிளாஸ்டிக் குழாய் ஒன்று சுருட்டித் தொங்குகிறது. பெருவிரல் பருமன். வாங்கியபோது கண்ணாடியாய் இருந்தது, இப்போது மஞ்சளித்துவிட்டது. ஊரில் மேசன்மார் நிலமட்டம் பார்க்க வைத்திருப்பார்களே, அதே குழாய்தான். தண்ணீரை நிரப்பி, குமிழி இல்லாமல் தட்டி எடுத்து, ஒரு நுனியை இந்த மூலையிலும் மறுநுனியை அந்த மூலையிலும் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். நிலம் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும். இந்தக் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் அத்தானின் ஞாபகம் வருகிறது. பாசத்தோடு வரும் ஞாபகம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வரும்போது மனம் குளிர்ந்து போகிறது, அதையும் மறைக்க மாட்டேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். என்னை இந்த நாட்டுக்கு எடுப்பித்தவர். இதை நான் சொல்லத் தேவையே இல்லை, ஒக்லாந்தில் தமிழர் கூடும் எந்த இடத்திலும் அவரே சொல்லிவிடுவார். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, கோயில் அன்னதானம் எதுவானாலும் சரி, யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் போதும். "உவனை நான்தான் எடுப்பிச்சனான். வரேக்க ஒரு உடுப்பு பாக்கோட வந்தவன்" என்பார். நான் சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் நின்று சிரிக்க வேண்டும். ஐந்து வருடம் அப்படிச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத் தனியாக ஒரு சம்பளம் தந்திருக்கலாம்.

மனுகாவ் பக்கத்தில் ஒரு பெரிய குளிர்க் களஞ்சியத்தில் அவர் மேற்பார்வையாளர். நான் அதே இடத்தில், பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகையில், தடித்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு இறைச்சிப் பெட்டி அடுக்குகிறவன். ஆனால் நான் பெட்டி அடுக்கப் பிறந்தவன் இல்லை. மன்னாரில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் செய்யும் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் இயந்திரம் பார்த்தவன். உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் தகர வாளிகளை வரிசையாக இறக்குவதும், கொம்பிரசரின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன வருத்தம் என்று சொல்வதும், அமோனியா கசிந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிப் போய் வால்வைப் பூட்டுவதும் என் வேலை. ஒரு வாளி சரிந்திருந்தால் அந்த ஐஸ் கட்டி ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தண்ணீராகவே வரும். அங்கே முதல் வாரத்திலேயே படித்த பாடம் அது.

களஞ்சியத்தில் குளிரூட்டி இயந்திரங்களைப் பார்க்க ஒரு ஆள் தேவை என்று அறிவித்தல் ஒட்டினார்கள். அத்தானிடம் போனேன். பெரிய மேனேஜரிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டேன். "பாப்பம் தம்பி" என்றார். அடுத்த கிழமையும் கேட்டேன், "பாப்பம்." மூன்றாம் முறை கையை மட்டும் அசைத்தார். நேர்முகத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் மரியாதையான வெள்ளைக்காரர். நான் இயந்திரத்தைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, ஊரில் என்னுடைய வேலை ஐஸ் தூக்குவது என்றுதான் தங்களுக்குத் தெரியவந்திருக்கிறது என்றார். வேலை கிடைக்கவில்லை. என் ஆங்கிலம்தான் காலை வாரிவிட்டது என்று நினைத்தேன். அன்றிலிருந்து பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வாய்க்குள் ஆங்கிலம் பேசிப் பழகினேன். பக்கத்து இருக்கைகள் காலியாகவே வந்தன.

அந்த வருடம்தான் அத்தானுக்கு ஐஸ் மைதானம் கட்டும் ஆசை வந்தது. அக்காவின் மகளான என் மருமகளுக்கு அப்போது ஒன்பது வயது. வகுப்புத் தோழியின் பிறந்தநாளுக்கு ஐஸில் சறுக்கப் போய் வந்தவள், பிறகு வீட்டில் நடப்பதையே விட்டுவிட்டாள். காலுறையோடு குசினித் தரையில் சறுக்கி ஃபிரிட்ஜில் போய் மோதுவாள். மகளின் ஆசை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கோயில் நிர்வாகத்தில் இருக்கும் ஒருவர் பின்வளவில் நீச்சல் தடாகம் கட்டியிருந்தார். அத்தானால் அதைச் சகிக்க முடியவில்லை. அத்தான் வீடு இருக்கும் பாட்டனி டவுன்ஸில் மாரிக் குளிர்காலம் என்றால் வெறும் மழைதான். ஒரு கோப்பைத் தண்ணீரை வெளியே வைத்தால் விடியும்போது அதில் இலைதான் மிதக்கும். அப்படியான ஊரில் பின்வளவில் ஐஸ் கட்டிக் காட்டினால் நீச்சல் தடாகக்காரரின் வாய் அடைபடும் அல்லவா? வேலையிடத்தில் திரவத்தைக் குளிராக்கும் பழைய சில்லர் இயந்திரம் ஒன்றைக் கழற்றி எறிய இருந்தார்கள். மேனேஜரிடம் கேட்டு அதை வீட்டுக்கு எடுத்துவந்தார் அத்தான். இயக்க ஆள் வேண்டுமே. "தம்பி, உனக்கு ஐஸ் தெரியும்தானே" என்றார். எனக்கு ஐஸ் தெரியும் என்று அவர் ஒப்புக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன். சதுரக் கோட்டுக் கொப்பியில் வரைபடம் போட்டேன். எட்டு மீற்றர் நீளம், ஐந்து மீற்றர் அகலம். கீழே குளிர் மண்ணுக்குள் இறங்காமல் தடித்த ரெஜிபோம் அட்டை, அதற்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பு, மணல், மணலுக்குள் நெருக்க நெருக்கமாகக் கறுப்புக் குழாய்கள், அந்தக் குழாய்களுக்குள் சில்லரிலிருந்து ஓடிவரும் உறையாத திரவம். மேலே மூன்று விரல் தண்ணீர். அவ்வளவுதான், கூடினால் உறைய மறுக்கும். வெயிலும் மழையும் படாமல் ஒரு தகரக் கூரை. சனிக்கிழமைகளில் மண் வெட்டினேன், பலகை அடித்தேன், ஹார்ட்வெயார் கடையில் வாங்கிய குழாயில் தண்ணீர் நிரப்பி நான்கு மூலையும் மட்டம் பார்த்தேன். அக்கா ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு மயிரிழை கூட விடவில்லை. அத்தான் என் கொப்பியைப் பார்த்துத் தன் கொம்பியூட்டரில் அதே படத்தைக் கீறி, அடியில் தன் பெயரைப் போட்டு, மேனேஜருக்கு அனுப்பியது எனக்குத் தெரியும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

குழாய் பதிக்க வேண்டிய சனிக்கிழமை போய்ப் பார்த்தபோது நான் சமப்படுத்திய மணல் குலைந்து கிடந்தது. வடகிழக்கு மூலை அரையடி பதிந்திருந்தது. வாஸ்து பார்க்கும் ஒருவர் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார், வளவில் தண்ணீர் வைத்தால் ஈசான மூலை பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுத் தலைவருக்கு மரியாதைக் கேடு வரும் என்று. அத்தான் தானே மண்வெட்டி எடுத்து வேலையை முடித்திருந்தார். "அத்தான், ஐஸுக்கு நிலம் சமனா இருக்கோணும். தண்ணி முழுக்க அந்த மூலைக்குத்தான் போகும். அங்க ஆழம் கூடினா மேல உறையாது" என்றேன். அவர் என் கையிலிருந்த குழாயைப் பறித்துச் சுருட்டினார். "ஐஸ் தூக்கினவன் எனக்குப் படிப்பிக்க வாறியோ? மேசன்மாற்ற குழாயை வச்சுக்கொண்டு! நான் சொல்லுற மாதிரிச் செய்" என்றார். சிவப்பு மூடிக் குப்பைத்தொட்டியைத் திறந்து உள்ளே போட்டார்.

ஐஸ் தூக்கினவன். மேனேஜர் ஆங்கிலத்தில் சொன்ன அதே வார்த்தை. அது எங்கிருந்து புறப்பட்டது என்று அப்போதுதான் விளங்கியது. என்னுடைய ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை. நான் இயந்திரம் பார்க்கிறவனாகிவிட்டால் பிறந்தநாள் வீட்டில் பக்கத்தில் நிறுத்திக் காட்ட அவருக்கு ஆள் இல்லாமல் போய்விடும், அவ்வளவுதான் விஷயம். எனக்கு உச்சந்தலை கொதித்தது. மண்வெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருக்கலாம். நான் போகவில்லை. "சரி அத்தான், நீங்கள் சொல்லுற மாதிரியே செய்யிறன்" என்றேன். இரண்டு தள்ளுவண்டி மணல் போட்டால் தீரும் பிழை அது. ஒரு கைப்பிடி கூடப் போடவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக வேலை செய்ததில்லை. சரிந்த மணலில் குழாய்களை நூல் பிடித்துப் பதித்தேன், மூட்டு ஒவ்வொன்றையும் இரண்டு தரம் இறுக்கினேன், சில்லரைத் துடைத்து எண்ணெய் விட்டேன். பிறகு யாரும் என் வேலையில் ஒரு குறை சொல்லக் கூடாது. போகும்போது குப்பைத்தொட்டியிலிருந்து குழாயை எடுத்துக்கொண்டேன்.

திறப்பு விழாவுக்கு முதல்நாள் ஈசான மூலையில் தண்ணீர் அப்படியே நின்றது. "விடிய உறைஞ்சிடும், என்ன?" என்று அத்தான் கேட்டார். "உங்களுக்குத் தெரியாததே, அத்தான்?" என்றேன். அவருக்கு அது மரியாதையாகக் கேட்டது. முழுவதையும் தார்ப்பாயால் மூடச் சொன்னார்.

மறுநாள் பின்னேரம் நாற்பது பேர் வந்தார்கள். நீச்சல் தடாகக்காரர் குடும்பத்தோடு வந்தார். மேனேஜரும் வந்தார். அவர் குளிர் கூடின தென்தீவில் வளர்ந்தவர், உறைந்த குளத்தில் சறுக்கிப் பழகியவர், தன்னுடைய பழைய சறுக்குச் சப்பாத்துகளைக் கையில் கொண்டுவந்திருந்தார். அத்தான் புதுச் சப்பாத்தும் கோட்டுமாக நின்று, மூன்று மாதம் கணக்குப் பார்த்துத் தானே திட்டம் போட்டதாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசினார். கற்பூரம் கொளுத்தினார். தார்ப்பாயை இழுத்தார்கள். தென்மேற்குப் பக்கம் வெள்ளையாய் இறுகி மினுங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். அத்தான் ஈசான மூலைக்குப் போய்ப் பலகை விளிம்பில் தேங்காயை ஓங்கி அடித்தார். ஒரு பாதி அவர் கையில் நின்றது. மறுபாதி 'தொபுக்' என்று விழுந்து மிதந்தது. கை தட்டல் நின்றுவிட்டது. "மேலால கொஞ்சம் தண்ணிதான், கீழ நல்ல இறுக்கம்" என்று சொல்லிக்கொண்டு அதை எடுக்கக் காலை வைத்தார். முழங்காலுக்குக் கீழே பாதிவரை இறங்கினார். நீச்சல் தடாகக்காரர், "தடாகந்தானே கட்டியிருக்கிறியள், நல்லது" என்றார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. குந்தி இருந்து இந்தப் பக்கத்து ஐஸைத் தட்டிப் பார்த்தார், அந்தப் பக்கத்துத் தண்ணீருக்குள் கையை விட்டார். ஏன் நிலத்தைச் சரிவாக வைத்தீர்கள், அந்த மூலையில் குழாய் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று கேட்டார். அத்தானின் காற்சட்டையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. வாஸ்து என்று வெள்ளைக்காரருக்குச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. என் பக்கம் திரும்பினார். "தம்பி, சொல்லன்" என்றார். ஐந்து வருடத்தில் அவர் என்னைக் கெஞ்சிப் பார்த்தது அப்போதுதான். மேனேஜரும் என்னைப் பார்த்தார். என் கையில் பாதி கடித்த மட்டன் றோல்ஸ் இருந்தது. வாயில் இருந்ததை ஆறுதலாக மென்று விழுங்கினேன். பிறகு ஆங்கிலத்தில், ஒரு சொல்லும் தடக்காமல், "எனக்குத் தெரியாது சேர். நான் ஐஸ் தூக்கினவன் மட்டும்தான்" என்றேன்.

அத்தானின் முகம் வெளிறிப் போவதைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து வருடச் சிரிப்பும் அந்த ஒரு நிமிடத்தில் எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் நான் மேனேஜரின் முகத்தையும் பார்த்திருக்க வேண்டும். அவர் தலையை மெல்ல ஆட்டினார், தான் கேள்விப்பட்டது சரிதான் என்பதுபோல. வரைபடம் என்னுடையது, சரிவு அவருடையது என்று இரண்டு வசனம் சொல்லியிருந்தால் திங்கட்கிழமையே என் வேலை மாறியிருக்கும். அதற்கான ஆங்கிலமும் என்னிடம் இருந்தது. அத்தான் சொன்ன பொய்க்கு என் வாயாலேயே சாட்சி சொன்னேன். அந்த வேலை அடுத்த தடவை காலியானபோது என்னைக் கூப்பிடக்கூட இல்லை. இன்னும் இரண்டு வருடம் அந்தக் குளிருக்குள் பெட்டி அடுக்கினேன். விரல் மரத்துப்போன நாட்களில் எல்லாம் அந்தத் தேங்காய்ப் பாதி மிதந்ததை நினைத்துக்கொண்டேன். இன்னொரு தடவை கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன்.

அன்று ஆட்கள் கலையத் தொடங்கியபோது மருமகள் சறுக்குச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறுகியிருந்த பாதியில் தனியே வட்டம் போட்டாள். அவளை நான் மறந்தே போயிருந்தேன். எனக்கு முகம் சுட்டது. கிட்டப் போய், மற்றப் பாதியையும் பிறகு சரிப்பண்ணித் தருகிறேன் என்றேன். "இட்ஸ் ஓகே மாமா, ஹாஃப் இஸ் இனஃப்" என்று சொல்லிவிட்டுச் சுற்றினாள். அந்த வளவில் அன்று கேட்டது கிடைத்த ஆள் அவள் ஒருத்திதான். மற்றப் பாதியைச் சரிப்பண்ண அத்தான் என்னைக் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. அந்த மாரியோடு சில்லர் பழைய இரும்புக்குப் போனது. கூட்டங்களில் என்னைப் பற்றிச் சொல்லுவதையும் அவர் நிறுத்திவிட்டார்.

இப்போது எனக்குச் சொந்தமாகக் குளிரூட்டி திருத்தும் தொழில் இருக்கிறது. மருமகள் பல்கலைக்கழகம் போகிறாள். அத்தான் ஓய்வு பெற்றுவிட்டார். போன ஞாயிறு கராஜில் நின்று ஏணியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. அக்காவின் போனிலிருந்து இல்லை, தன்னுடைய போனிலிருந்து. ஈசான மூலையில் மழைத் தண்ணீர் நின்று நின்று புல்லெல்லாம் அழுகிவிட்டதாம். மண்ணடித்து நிரப்பி ஒரு ஷெட் போடப் போகிறாராம். குரல் இளைத்திருந்தது. "தம்பி, உன்னட்ட மட்டம் பாக்கிற அந்தக் குழாய் இருக்கோ? ஒருக்காக் கொண்டுவந்து பாத்துத் தாறியோ?" என்று கேட்டார்.

நிமிர்ந்து பார்த்தேன். ஆணியில், கை எட்டும் உயரத்தில், அது தொங்கிக்கொண்டிருந்தது.

"பாப்பம், அத்தான்" என்றேன்.