பந்தயத்தில் தாயி சொன்ன பெயர்

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருடங்கள் போயிருக்கும். மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே கணவரின் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்காகக் கோயமுத்தூரை விட்டு வந்து, புனேயில் ஹடப்சர் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தோம். டி.வி.யைப் போட்டால் பாட்டுப் போட்டி, போனை எடுத்தால் எஸ்.எம்.எஸ். ஓட்டு என்று ஊரே அலைந்த காலம் அது.

எங்கள் மாடியில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரு ஹிந்திப் பாட்டுப் போட்டியைச் சேர்ந்து பார்ப்போம். சும்மா பார்த்தால் என்ன சுவாரசியம் என்று அதில் பந்தயத்தை ஆரம்பித்துவைத்த புண்ணியவதி நான்தான். வியாழக்கிழமை மாலை என் வீட்டில் டீ. இந்த வாரம் வெளியே போகப்போவது யார் என்று ஆளுக்கொரு பெயர் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை நேரலையில் பாடுவார்கள், சனிக்கிழமை முடிவு தெரியும். தப்பாகச் சொன்னவர்கள் சேர்ந்து ஞாயிறு காலை டிபனுக்கு எல்லோருக்கும் அந்த ஊர்ப் பலகாரமான மிசல் பாவ் வாங்கித் தர வேண்டும். யார் பெற்ற பிள்ளையோ மேடையில் நின்று அழும், நாங்கள் இங்கே கைதட்டிச் சிரித்துக்கொண்டிருப்போம். அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் அதே போட்டிக்கு என் மகளே தேர்வானாள். அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள். மும்பையில் தங்க இடம் கொடுத்து அழைத்துப் போனார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பக்கத்து வீட்டு மராத்திக்காரப் பெண்மணியை நான் தாயி என்று கூப்பிடுவேன். அவர்கள் மொழியில் அக்கா என்று அர்த்தம். அவர் என்னை வஹினி என்பார், அண்ணி என்று பொருள். எங்களுக்குள் பேச்செல்லாம் என்னுடைய அரைகுறை ஹிந்தியில்தான். என் மகள் அவரை மாவ்ஷி, அதாவது சித்தி என்று அழைப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் செருப்பைக் கழற்றுவது அவர் வீட்டு வாசலில்தான்.

"இந்த வருஷம் பந்தயம் வேண்டாமே வஹினி" என்று முதலில் சொன்னதும் அவர்தான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பந்தயத்தை நிறுத்தினால் என் பெண் தோற்றுவிடுவாள் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா? அதனால் வழக்கம்போல் நடத்தினேன். மற்றவர்களும் பாவம், வாராவாரம் என் மகள் பெயரை ஜாக்கிரதையாகத் தவிர்த்துவிட்டு வேறு யாரையாவது சொன்னார்கள்.

அப்படி ஒரு வியாழக்கிழமை. காலையில் தாயி வந்து கதவருகே நின்றார். நான் ஊரில் உள்ள சொந்தக்காரர்களைப் போனில் பிடித்து ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் வாருங்கள் என்று கையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

மாலையில் எல்லோரும் பெயர் சொல்லியாயிற்று, தாயி மட்டும் வாயைத் திறக்கவில்லை. "சொல்லுங்க தாயி, விளையாட்டுதானே" என்று நான்தான் விடாமல் வற்புறுத்தினேன். அவர் என் முகத்தைப் பார்த்து என் மகள் பெயரைச் சொன்னார். "அவளுக்கு ஒரு போன் போடுங்க வஹினி. நீங்க பேசாம, அவளைப் பேச விடுங்க" என்றும் சொன்னார்.

அந்த இரண்டாவது பேச்சு என் காதில் ஏறவே இல்லை. அவர் எழுந்து போகும்போது, யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் தமிழிலேயே "சரியான கரிநாக்கு" என்றேன். தாயி ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று மகளுக்குப் போன் போடத்தான் செய்தேன். ஆனால் நானேதான் பேசிக்கொண்டிருந்தேன். யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காதே, மேல் ஸ்தாயி வரியை விட்டுவிடாதே என்று அடுக்கினேன். அவள் 'ம்' கொட்டினாள். குரல் கம்மியிருந்தது. லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அந்த மேல் ஸ்தாயி வரியில் அவள் குரல் உடைந்தது. வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. நாடே பார்க்க அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமை வெளியேற்றிவிட்டார்கள். பந்தயத்தில் ஜெயித்தது தாயி. அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் மிசல் வாங்கவில்லை. அதற்குப் பிறகு படிக்கட்டில் தாயியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

வீடு வந்த மகளை டாக்டரிடம் காட்டினோம். தொண்டை புண்ணாகிக் கிடக்கிறது, அதோடு கத்திப் பாடியதில் மோசமாகிவிட்டது, பல மாதம் பாடவே கூடாது, பேச்சையும் குறைக்க வேண்டும் என்றார்.

சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வந்த மகள் மெல்லிய குரலில் கேட்டாள். "அம்மா, கரிநாக்குன்னா என்னங்கம்மா? மாவ்ஷி கேட்டாங்க. எனக்கும் தெரியல, உங்ககிட்ட கேட்டுச் சொல்றேன்னு வந்தேன்."

புனேயில் வளர்ந்த பெண். அந்த வார்த்தையை வீட்டில் அவள் கேட்டதே இல்லை. நான் மழுப்பப் பார்த்தேன், அவள் விடவில்லை. கெட்டது சொன்னால் அப்படியே பலித்துவிடும், அப்படிப்பட்ட வாய் என்று கடைசியில் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"மாவ்ஷியையா அப்படிச் சொன்னீங்க? தொண்டை எரியுது, பாட முடியலன்னு நான்தாம்மா அவங்களுக்குப் போன் பண்ணி அழுதேன். அம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டேன்."

"ஏன் சாமி, என்கிட்ட சொல்லியிருக்கலாமல்ல?"

"நீங்க ஊரெல்லாம் ஓட்டுக் கேட்டுட்டு இருந்தீங்க. எப்படிம்மா சொல்றது?"

சத்தியத்தையும் மீறாமல் என்னையும் உஷார்ப்படுத்த, அந்தப் பெண்மணிக்குக் கிடைத்த ஒரே வழி என்னுடைய பந்தயம்தான். அப்படியே எழுந்து தாயி வீட்டுக்குப் போய் வார்த்தைக்கு அர்த்தத்தையும் சொல்லி, அழுது மன்னிப்புக் கேட்டேன். அவர் "ஜாவு த்யா வஹினி, விடுங்க" என்று சொல்லி டீ போட உள்ளே போனார். போனவர் வெகுநேரம் வரவில்லை.

பழையபடி பேசினோம், பண்டம் மாற்றிக்கொண்டோம். என் மகள் தேறிவிட்டாள், ஆனால் அந்த மேல் ஸ்தாயி திரும்ப வரவில்லை. மேடையேறும் ஆசையையும் விட்டுவிட்டாள். பிறகு அவள் கல்யாணத்தின்போது, வந்தவர்களெல்லாம் நல்லா இருப்பே என்று வாழ்த்தினார்கள். தாயி அவள் கன்னத்தைத் தடவிவிட்டுப் பேசாமல் நின்றார். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் தாயி என்று கெஞ்சினேன்.

"மனசுக்குள்ள சொல்லிட்டேன் வஹினி. என் வாயால வேண்டாம்" என்றார்.

என் பெண்ணின் வலியைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரே மனுஷிக்குத் தன் நாக்கின் மேலேயே பயம் வரும்படி செய்தது நான்தான்.